செஸ்னா 172: ஃபிளைட் சிமுலேட்டர் ஆர்வலர்களின் விருப்ப விமானம்

செஸ்னா 172 என்பது அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் தயாரிக்கும் சிறு விமானம் ஆகும். ஒற்றை இன்ஜினும் நான்கு இருக்கைகளும் கொண்ட இது ஸ்கைஹாக் என்ற பெயராலும் அறியப்படுகிறது. உலகில் வேறெந்த விமானமும் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்டதில்லை. விமானப் பயிற்சிப் பள்ளியின் வாசலை மிதிக்காத பலரும் இதன் புறப்பாட்டு வேகத்தையும் இறங்கும் வேகத்தையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதற்குக் காரணம் வீட்டுக் கணினியில் இயங்கும் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டுவதைப் பாவனை செய்து காட்டும் மென்பொருள்.

சிமுலேட்டரில் போயிங் 747 உண்டு, ஏர்பஸ் உண்டு, போர் விமானங்களும் உண்டு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அவற்றைத்தான் முதலில் தேர்வு செய்வார்கள். சில வாரங்கள் கழித்து, மணிக்கு 230 கிலோமீட்டர் அளவிலேயே பறக்கும் இந்தச் சிறு விமானத்துக்கு வந்து சேர்பவர்கள் நிறைய. அது ஏன் என்பதையும், இதை ஓட்டிப் பழகுவதால் எதைக் கற்கலாம், எதைக் கற்க முடியாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விமானம்

செஸ்னா 172 முதன்முதலாகப் பறந்தது 1955ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய செஸ்னா 170, வாலில் சிறு சக்கரம் வைத்த விமானம். தரையில் ஓடும்போது மூக்கு வானத்தைப் பார்க்கும். சற்றுக் கவனம் பிசகினால் பின்பக்கம் சுழன்றுவிடும். அந்த வால் சக்கரத்தை எடுத்துவிட்டு மூக்கின் கீழ் ஒரு சக்கரம் வைத்ததுதான் 172இன் முக்கிய மாற்றம். இதனால் தரையில் ஓட்டுவது கார் ஓட்டுவதற்கு நெருக்கமாயிற்று. 1986இல் நிறுத்தப்பட்ட தயாரிப்பு பத்தாண்டுக்குப் பின் மீண்டும் தொடங்கியது. இதுவரை 44,000க்கும் மேற்பட்டவை வெளிவந்துள்ளன.

சிமுலேட்டர்களில் அதிகம் காணப்படுவது 172-எஸ் எனும் வகை. 180 குதிரைத்திறன் கொண்ட லைக்கமிங் இன்ஜின், ஏறத்தாழ 11 மீட்டர் இறக்கை அகலம், எரிபொருளும் ஆட்களும் சேர்த்து 1,157 கிலோ உச்ச எடை. சக்கரங்கள் உள்ளே மடங்குவதில்லை. விசிறியின் கோணத்தை மாற்ற முடியாது. இன்ஜினைக் கட்டுப்படுத்த இருப்பவை இரண்டே குமிழ்கள்: திறனைக் கூட்டிக் குறைக்கும் கறுப்புத் திராட்டில், எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் சிவப்புக் குமிழ்.

எளிய விமானம் என்றாலும் இதன் வரலாறு சாதாரணமானதன்று. 1958 டிசம்பர் 4 அன்று லாஸ் வேகாஸில் புறப்பட்ட ஒரு 172, தரையில் சக்கரம் படாமல் 64 நாள் 22 மணி 19 நிமிடம் வானிலேயே இருந்தது. ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் மாறி மாறி ஓட்டினர். பாலைவனச் சாலையில் ஓடும் லாரிக்கு மேலே தாழப் பறந்து, குழாயை மேலே இழுத்து எரிபொருள் நிரப்பிக்கொண்டனர். சாப்பாடும் அப்படித்தான் வந்தது. 1987 மே 28 அன்று மத்தியாஸ் ருஸ்ட் என்ற 18 வயது மேற்கு ஜெர்மானிய இளைஞர் ஹெல்சிங்கியிலிருந்து புறப்பட்டு, சோவியத் வான்பாதுகாப்பைக் கடந்து, மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தை ஒட்டி இறங்கியதும் ஒரு 172இல்தான்.

கணினிக்குள் வந்த வரலாறு

வீட்டுச் சிமுலேட்டரின் தொடக்கம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில். அங்கு படித்த புரூஸ் ஆர்ட்விக், விமானத்திலிருந்து தெரியும் காட்சியைக் கணினித் திரையில் உயிரோட்டமாக வரைவது குறித்து 1975இல் ஆய்வேடு எழுதினார். பின்னர் சப்லாஜிக் என்ற நிறுவனத்தின் வழியாக ஆப்பிள் 2 கணினிக்கு ஒரு சிமுலேட்டரை வெளியிட்டார். அதில் இருந்தது முதல் உலகப்போர்க் கால இரட்டை இறக்கை விமானம். 1982இல் ஐபிஎம் கணினிக்காக மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தது. விண்டோஸ் வருவதற்கு மூன்றாண்டு முன்பே வந்துவிட்ட மென்பொருள் இது.

அந்த முதல் பதிப்பில் இருந்தது 172 அன்று. அதன் சற்றுப் பெரிய உறவான செஸ்னா 182. பறப்பு தொடங்கும் இடம் சிகாகோ ஏரிக்கரையில் இருந்த மெய்க்ஸ் ஃபீல்டு என்ற சிறு விமான நிலையம். அதன் ஓடுபாதையையும் பக்கத்து வானளாவிகளையும் நேரில் பார்க்காமலேயே ஒரு தலைமுறை அறிந்திருந்தது. 2003 மார்ச் மாத இறுதியில் ஓர் இரவில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி அந்த ஓடுபாதையைப் பெயர்த்துவிட்டார். இன்று அங்கே பூங்கா இருக்கிறது. நிஜத்தில் இல்லாத அந்த நிலையத்தைத் தங்கள் கணினியில் மறுபடி கட்டிக்கொண்டு பறப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

2000-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் வரிசையில் 172 இடம்பிடித்தது. அதிலிருந்த பறப்புப் பாடங்களில் ராட் மச்சாடோ என்ற உண்மையான பயிற்றுநரே நகைச்சுவை கலந்த குரலில் கற்றுக்கொடுப்பார். 2020 ஆகஸ்டில் வெளிவந்த புதிய பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் காட்டியது. அதிலும் 172 இருக்கிறது. ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேனில் 172, மென்பொருளோடு சேர்ந்தே வருகிறது. பணம் செலவழிக்க விரும்பாதவர்களுக்கு ஃபிளைட்கியர் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. அதில் இயல்பாக அமைந்திருப்பது 1980-களின் 172-பி. கார்புரேட்டர் உள்ள பழைய இன்ஜின் என்பதால், குளிர்ந்த ஈரக் காற்றில் கார்புரேட்டரில் பனி கட்டாமலிருக்கச் சூடான காற்றைச் செலுத்தும் குமிழும் அதில் இருக்கும்.

பெரிய விமானங்களை விட்டு ஏன் இதற்கு வருகிறார்கள்?

முதல் காரணம் வேகக் குறைவு. ஒரு பயணிகள் விமானம் இறங்கும்போது அதன் வேகம் 140 நாட் அளவில் இருக்கும். 172 இறங்குவது 65 நாட்டில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில். ஓடுபாதை நோக்கி வரும்போது இடப்பக்கம் விலகிவிட்டோம் என்று உணரவும், யோசிக்கவும், திருத்தவும், திருத்தியது சரியா என்று பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. ஏர்பஸ்ஸில் இந்த நான்கும் முடிவதற்குள் ஓடுபாதை வந்துவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி இருக்கிறது. கைப்பிடியை விட்டுவிட்டால் விமானம் அதே நிலையில் தொடரும். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினாலும், இயல்பான நிலையில் கணினி அனுமதிக்காது. பயணிகளின் பாதுகாப்புக்கு அது நல்லது. ஆனால் விமானம் எப்படிப் பறக்கிறது என்று அறிய விரும்புபவருக்கு அது ஒரு திரை. 172இல் அந்தத் திரை கிடையாது. வேகம் குறைந்தால் மூக்கு தாழும். திறன் கூட்டினால் மூக்கு எழும். ஒரு பக்கம் சாய்த்துத் திருப்பினால் உயரம் குறையத் தொடங்கும். செய்த ஒவ்வொன்றுக்கும் பதில் உடனே வருகிறது. ஏன் வந்தது என்பதும் ஓரிரு நாளில் புரிந்துவிடுகிறது.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதும் ஒரு வசதி. கீழே ஆறு, ரயில் பாதை, ஊர் எல்லாம் மறைவின்றித் தெரியும். வரைபடத்தை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கும் பழைய முறைக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் சிமுலேட்டர்களில் குறைவு.

ஒரு சுற்றுப் பறப்பு

172ஐ அறிய மிகச் சிறந்த வழி, ஒரே ஓடுபாதையில் புறப்பட்டு, ஒரு செவ்வகமாகச் சுற்றி, அதே ஓடுபாதையில் இறங்குவது. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உண்மையான மாணவ விமானிகளும் பல மணி நேரம் செய்வது இதைத்தான்.

புறப்படும் முன் திராட்டிலை நிமிடத்துக்கு 1,800 சுழற்சிக்கு உயர்த்தி, இன்ஜினின் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒன்றை அணைத்தால் சுழற்சி சற்றுக் குறையும். 150க்கு மேல் குறைந்தால் கோளாறு என்று பொருள். சிமுலேட்டரில் இதைத் தவிர்த்துவிட்டு ஓடுபாதைக்கு நேராகப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதாலேயே விட்டுவிடும் பழக்கம் வந்துவிடும். செய்துவிட்டுப் புறப்படுவதே நல்லது.

முழுத் திறன் கொடுத்ததும் விமானம் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். புதியவர்கள் பலர் தங்கள் ஜாய்ஸ்டிக் பழுதாகிவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்கள். பழுது இல்லை. விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் விசிறி வலஞ்சுழியாகச் சுழல்கிறது. அதன் எதிர்விசை விமானத்தை இடப்பக்கம் அழுத்துகிறது. விசிறி தள்ளும் காற்றும் உடலைச் சுற்றிச் சுழன்று வந்து வாலின் இடப்புறத்தில் மோதி, மூக்கை இடப்பக்கம் திருப்புகிறது. மூக்கு உயர்ந்த நிலையில், கீழிறங்கும் வலப்பக்க இதழ் கூடுதலாக இழுப்பதும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு மாற்று வலது கால்: சுக்கான் மிதியை வலப்பக்கம் அழுத்த வேண்டும். பல சிமுலேட்டர்களில் இதைத் தானாகவே செய்துவிடும் தேர்வு ஒன்று உண்டு. அதை அணைத்துவிட்டுத்தான் பழக வேண்டும். இல்லையென்றால் கால்களுக்கு வேலை இருக்கிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

55 நாட்டில் மூக்கை மெல்லத் தூக்கினால் சக்கரம் தரையை விடும். 74 நாட்டில் ஏறுவது மிக விரைவாக உயரம் தரும். இங்கேதான் ட்ரிம் என்ற சிறு சக்கரத்தின் அருமை தெரியவரும். கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய அழுத்தத்தை அது நீக்குகிறது. 74 நாட்டுக்கு ட்ரிம் செய்துவிட்டால், கையை எடுத்தாலும் விமானம் அந்த வேகத்தைத் தேடிப் போகும். பின்னர் திறனைக் குறைத்தால் மூக்கைத் தாழ்த்தி அதே வேகத்தைக் காக்கும். கூட்டினால் மூக்கை உயர்த்திக் காக்கும். ட்ரிம் வேகத்தைத் தீர்மானிக்கிறது, திராட்டில் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்ற இந்த ஒன்றைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி விமானம் வசமாகிவிட்டது.

நிலையத்துக்கு மேல் 1,000 அடி உயரத்தில் ஓடுபாதைக்கு இணையாக, காற்றோடு சேர்ந்து, 90 நாட் அளவில் பறக்க வேண்டும். ஓடுபாதையின் முனை தோளுக்கு நேராக வரும்போது திறனை 1,500 சுழற்சிக்குக் குறைத்து, இறக்கையின் பின்புற ஃபிளாப்பை 10 பாகை இறக்கலாம். அடுத்த திருப்பத்தில் 20, ஓடுபாதைக்கு நேரானதும் 30. வேகம் 65. இனி பார்க்க வேண்டியது ஓடுபாதையின் எண்களை மட்டுமே. அவை கண்ணாடியில் மேலே ஏறினால் விமானம் முன்கூட்டியே தரையைத் தொடும். கீழே நழுவினால் தாண்டிப் போகும். அசையாமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் பாதை சரி. தரைக்குச் சில அடி மேலே திராட்டிலை மூடி, மூக்கை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டே இருந்தால், பின் சக்கரங்கள் முதலில் தொடும். முதல் இருபது முறை எம்பிக் குதிக்கத்தான் செய்யும்.

இன்ஜின் நின்றால்

சிமுலேட்டரின் உண்மையான பயன் எங்கே என்று கேட்டால், நிஜத்தில் பழக முடியாததைப் பழகுவதில் என்று சொல்லலாம். புறப்பட்டு 400 அடி ஏறியதும் இன்ஜினை நிறுத்திவிடுங்கள்.

மனம் உடனே சொல்வது ‘ஓடுபாதை பின்னால்தான் இருக்கிறது, திரும்பிப் போ’ என்பது. அப்படித் திரும்பி உயிரிழந்த விமானிகள் பலர். காரணம் எளிய கணக்கு. இன்ஜின் இல்லாமல் 172 மிக நீண்ட தொலைவு மிதந்து செல்லும் வேகம் 68 நாட். மட்டமாகப் பறக்கும்போது 48 நாட்டுக்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும். இதை ஸ்டால் என்பர். ஆனால் விமானத்தைச் சாய்த்துத் திருப்பும்போது இறக்கை சுமக்கும் பாரம் கூடுகிறது. 45 பாகை சாய்த்தால் ஸ்டால் வேகம் 57 ஆகிறது. 60 பாகை சாய்த்தால் 68. அதாவது மிதக்கும் வேகமும் விழும் வேகமும் ஒன்றாகிவிடுகின்றன. குறைவாகச் சாய்த்தால் திருப்பம் அகன்று, உயரம் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிடும். வந்த கோட்டுக்குத் திரும்ப அரைவட்டம் போதாது; அதைத் தாண்டித் திரும்பி மீண்டும் நேராக்க வேண்டும்.

ஆகவே பயிற்றுநர்கள் சொல்வது, மூக்கைத் தாழ்த்து, எதிரே உள்ள வெளியில் இறங்கு என்பதே. படிக்கும்போது இது ஒரு விதி. சிமுலேட்டரில் பத்து முறை திரும்பிப் பார்த்துப் பத்து முறையும் வேலிக்கு இப்பால் விழுந்த பிறகு அது அனுபவம். உயரம் அதிகமாக இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல் மிதக்கலாம். 5,000 அடியில் இன்ஜின் நின்றால் 14 கிலோமீட்டர் சுற்றளவில் இடம் தேட அவகாசம் இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து தொட்டபெட்டா

சிமுலேட்டரில் உலகம் முழுவதும் இருப்பதால், தம் ஊரின் மேல் பறந்து பார்ப்பதே பலரும் செய்யும் முதல் வேலை. தமிழ்நாட்டில் 172இன் எல்லையை நன்றாகக் காட்டும் பாதை கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,300 அடி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. அதற்கு மேல் ஆயிரம் அடியாவது இடைவெளி வைத்துப் போக வேண்டுமென்றால் 8,300 அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். நேர்கோட்டில் தொலைவு 28 கடல் மைல் அளவு.

கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறக்கூடிய விமானம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜினின் திறன் குறைகிறது. 8,000 அடியில் முழுத் திராட்டிலிலும் முக்கால் பங்குத் திறனே கிடைக்கும். சராசரி 450 அடி என்று வைத்தால் 18 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 74 நாட் வேகத்தில் 22 கடல் மைலுக்கு மேல் கடந்திருப்போம். கையிருப்பு சொற்பம். நான்கு பேரும் முழு எரிபொருளும் ஏற்றி, கோடை வெயிலை அமைத்து, மலையிலிருந்து கீழ்நோக்கி வீசும் காற்றையும் சேர்த்துவிட்டால் அதுவும் இருக்காது. குன்னூர்ப் பள்ளத்தாக்கில் இருபுறமும் மலை நெருங்க, எதிரே உள்ள சரிவு விமானத்தைவிட வேகமாக உயர்வதைக் காணலாம்.

மலைப்பறப்பில் இரண்டு பாடங்கள் இங்கே கிடைக்கும். முகட்டை நேராக எதிர்கொள்ளாமல் 45 பாகைச் சாய்வில் அணுகினால், முடியாது என்று தெரிந்த கணத்தில் சிறு திருப்பத்தில் விலகிவிடலாம். பள்ளத்தாக்கின் நடுவில் போகாமல் ஓரமாகப் போனால் திரும்புவதற்கு முழு அகலமும் மிஞ்சும். இவற்றோடு சிவப்புக் குமிழின் பயனும் தெரியவரும்: உயரத்தில் எரிபொருளைக் குறைத்துக் கலவையைச் சரிசெய்தால் தளர்ந்த இன்ஜின் சற்று மூச்சு விடும். ஏர்பஸ்ஸில் இதே மலையைக் கடந்தால், கீழே மலை இருந்ததே தெரிந்திருக்காது.

சிமுலேட்டர் கற்றுத்தராதவை

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வீட்டில் நூறு மணி நேரம் 172 ஓட்டியவர் நிஜ விமானத்தில் ஏறும்போது சில நல்ல பழக்கங்களோடு வருகிறார். சில கெட்ட பழக்கங்களோடும் வருகிறார்.

கெட்டவற்றில் முதலாவது, கருவிகளையே வெறித்துப் பார்ப்பது. கணினித் திரையில் பக்கவாட்டுக் காட்சி இல்லை. தலையைத் திருப்பினால் திரை திரும்பாது. அதனால் விமானத்தின் நிலையை அறியக் கண் கருவிப் பலகைக்கே போகிறது. நிஜத்தில் பகல் வெளிச்சத்தில் ஓட்டுபவர் பெரும்பாலும் வெளியே பார்க்க வேண்டும். தொடுவானமே அவருடைய முதல் கருவி, மற்ற விமானங்கள் வருவதும் அங்கேதான். சிமுலேட்டரில் பழகி வரும் மாணவர்களின் முன்னால் பயிற்றுநர்கள் கருவிகளைக் காகிதத்தால் மறைத்துவிடுவதும் உண்டு.

கைப்பிடியின் எடையும் வேறு. ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரு சுருள்வில். எந்த வேகத்திலும் அதே அழுத்தம். நிஜ விமானத்தில் வேகம் குறையக் குறையக் கைப்பிடி தொய்ந்துபோகும். ஸ்டால் நெருங்குவதைக் கையும் முதுகும் முதலில் அறியும். திரைக்கு முன்னால் நாற்காலியில் இருப்பவருக்கு அந்தச் செய்தி வருவதே இல்லை.

இவற்றைவிட ஆபத்தானது மேகம். சிமுலேட்டரில் மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது அவ்வளவு கடினமாக இருக்காது. ஒரு மாலையில் பழகிவிடலாம். அந்த எளிமை பொய்யானது. நிஜத்தில் மேகத்துக்குள் போனதும் உட்செவியின் அரைவட்டக் குழல்கள் தவறான செய்தி அனுப்பத் தொடங்கும். மெதுவாக ஒருபக்கம் சாய்ந்துகொண்டிருக்கும் விமானம் நேராகப் போவதாகத் தோன்றும். நேராக்கினால் மறுபக்கம் சாய்வதாகத் தோன்றும். கருவி ஒன்று சொல்லும், உடல் இன்னொன்று சொல்லும். பழகாதவர் உடலையே நம்புவார். நாற்காலி அசையாத வீட்டில் உடல் எதுவும் சொல்வதில்லை என்பதால்தான் கருவி அங்கே வெற்றி பெறுகிறது.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், ஆர்ட்விக் பின்னாளில் படித்த அதே இடத்தில், இது சோதிக்கப்பட்டது. கருவிப் பறப்பில் பயிற்சி பெறாத 20 பேரை உண்மையான விமானத்தில் அமர்த்தி, வெளிப்பார்வையை மறைத்து ஓட்டச் செய்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி. சிமுலேட்டரில் மேகத்தை அநாயாசமாகக் கடந்தவர், அந்த நம்பிக்கையோடு ஒரு நாள் நிஜ மேகத்தை நோக்கிப் போனால் அவருக்கும் அந்த மூன்று நிமிடம்தான்.

வீட்டில் பறந்த மணிகள் விமானி உரிமத்துக்கான பறப்பு மணிகளில் சேர்வதில்லை. விமானப் போக்குவரத்து அதிகாரிகள் சோதித்து அங்கீகரித்த பயிற்சிக் கருவிகளில், பயிற்றுநரின் மேற்பார்வையில் செலவிட்ட நேரம் மட்டுமே ஓரளவுக்கு ஏற்கப்படுகிறது. அத்தகைய கருவிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1929இல் எட்வின் லிங்க் உருவாக்கிய பயிற்சிப் பெட்டி, காற்றுத் துருத்திகளால் அசையும் மரக்கூடு. உடலை அசைக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது.

பிற விருப்பங்கள்

எல்லோருக்கும் 172 பிடிக்க வேண்டும் என்பதில்லை. நடைமுறைகளில் ஆர்வமுள்ளவர்களுக்கு ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஆகியவை மாதக்கணக்கில் படிக்கத் தகுந்தவை. பழமையை விரும்புவோர் டிசி-3ஐ நாடுவர். அதன் வால் சக்கரம், 172 எதைத் தவிர்த்தது என்பதை நன்றாகக் காட்டிவிடும். இருவர் மட்டுமே அமரும் செஸ்னா 152, இன்னும் சிறிய இன்ஜினோடு இன்னும் மெதுவாகப் பறப்பது. மைக்ரோசாஃப்ட்டின் 2020 பதிப்பில் தொடக்கப் பாடங்கள் அதில்தான்.

172இலேயே இரண்டு விதக் கருவிப் பலகைகள் கிடைக்கும். ஒன்று வட்ட முள் கருவிகள் கொண்டது. மற்றது கார்மின் ஜி1000 எனும் இரண்டு பெரிய திரைகள் கொண்டது. திரையில் வரைபடமும் வேகமும் உயரமும் அழகாகத் தெரியும் என்பதால் பலர் அதையே தேர்ந்தெடுப்பர். கற்பதற்கு முள் கருவியே மேல். முள் எந்தத் திசையில், எவ்வளவு விரைவாக நகர்கிறது என்பதை எண்ணைப் படிக்காமலேயே ஓரக்கண்ணில் பிடித்துவிடலாம்.

தொடங்குபவர்களுக்கு

ஃபிளைட்கியர் இலவசம், பழைய கணினிகள் பலவற்றிலும் ஓடும். விசைப்பலகையால் ஓட்ட முயல வேண்டாம். விலை குறைந்த ஜாய்ஸ்டிக் ஒன்றாவது வேண்டும், கைப்பிடியைத் திருகினால் சுக்கான் அசையும் வகையாக இருந்தால் மிதிகளுக்கு அவசரமில்லை. பணம் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது சுக்கான் மிதி. பெரிய திரை பிறகு. 172இன் சரிபார்ப்புப் பட்டியலை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். தானியங்கி விமானியை முதல் மாதம் தொட வேண்டாம். காற்றே இல்லாத நாளில் பத்துச் சுற்று, பிறகு ஓடுபாதைக்குக் குறுக்கே 8 நாட் காற்று வைத்துப் பத்துச் சுற்று. இரண்டாவது பத்தில்தான் கால்களுக்கு என்ன வேலை என்பது முழுதாகத் தெரியவரும்.